கிணறு வெட்டக் கரி புறப்பட்ட ஊர்

எங்கள் வீட்டில் கோடை விடுமுறை என்றால் நெய்வேலிதான். கூடப் படித்த பையன்கள் ஊட்டி, ஏற்காடு என்று கதை விடுவார்கள். நாங்கள் திண்டிவனத்தில் கும்பகோணம் பஸ் பிடித்து, மே மாத வெயிலில் வேகிக்கொண்டே மாமா வீட்டுக்குப் போவோம். பண்ருட்டி வந்தால் பலாப்பழ வாசனை பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் செம்மண்ணும் முந்திரியும். நெய்வேலி ஆர்ச் கேட் என்று கண்டக்டர் கத்தும்போது அம்மா சேலைத் தலைப்பால் எங்கள் முகங்களைத் துடைத்துவிடுவாள். தம்பி வீட்டுக்குக் கருத்த முகத்தோடு போகக் கூடாதாம். கரி தோண்டும் ஊருக்குப் போகிறோம் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் இருந்ததா தெரியாது.

மாமாவுக்குச் சுரங்கத்தில் வேலை. கன்வேயர் பெல்ட் பராமரிப்பு. பாட்டிக்கு அது விளங்கவே இல்லை. "என் புள்ள கரி எடுக்கிற வேலையில இருக்கான்" என்று தெருவில் சொல்லிவைத்ததில், அவர் கரிக்கடை வைத்திருக்கிறார் என்றே பலர் நினைத்தார்கள். செய்தித்தாளில் அதன் பெயர் பழுப்பு நிலக்கரி. மாமாவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது லிக்னைட். பாட்டிக்குக் கடைசிவரை கரி.

நெய்வேலியின் கதையை யார் சொன்னாலும் ஒரு கிணற்றில்தான் தொடங்குவார்கள். 1935. அப்போது அது தென்னார்க்காடு மாவட்டத்து மானாவாரிக் கிராமங்களில் ஒன்று. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நம்மூரில் சொல்வோமே, அது வார்த்தைக்கு வார்த்தை நடந்த இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் அதை மூடி மறைக்கவில்லை, அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார்.

இத்தனைக்கும் இந்தப் பகுதி மண்ணுக்கடியில் இப்படி ஒன்று இருப்பதற்கான தடயம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரிப் பக்கம் ஆழ்துளை போட்டபோது லிக்னைட் வந்திருக்கிறது. அங்கேயும் அவர்கள் தேடியது தண்ணீரைத்தான். இந்தத் தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாகாணத்துக்கு அன்று சொந்தமாக நிலக்கரி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ரயிலுக்கும் ஆலைக்கும் வங்காளம், பீகார் என்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். இரண்டாம் உலகப் போர் வந்து ரயிலும் கப்பலும் ராணுவத்துக்குப் போனதும் கரித் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தது. 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இங்கே துளை போட்டுப் பார்த்தது இந்த நெருக்கடிக்கு நடுவில்தான். 1950களின் தொடக்கத்தில் எச்.கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளரின் மேற்பார்வையில் ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டினார்கள். பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் திட்ட அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. அடுத்த ஆண்டு மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

"நெய்வேலி காமராஜர் கொண்டுவந்தது" என்பார்கள் ஊரில். அவர் முதல்வராக இருந்தபோதுதான் சுரங்கம் வந்தது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவருக்கு முந்தைய அரசுகளின் காலத்திலேயே துளை போட்டு, மண் எடுத்து, கணக்குப் பார்த்துவிட்டார்கள். ஒரு கிணற்றிலிருந்து ஒரு சுரங்கம் வர 20 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஏன் அவ்வளவு காலம் என்று எனக்குப் புரிந்தது மாமா என்னைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போன அன்றுதான்.

எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயது. சுரங்கம் என்றால் குகை மாதிரி இருக்கும், தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு குனிந்து போவோம் என்று கற்பனை செய்துவைத்திருந்தேன். மாமா கூட்டிப்போய் நிறுத்தியது ஒரு விளிம்பில். கீழே, கண்ணுக்கெட்டியவரை, பூமியைக் காணோம். அதன் மேல்தோலை உரித்துப் படிப்படியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்பாறையும் களிமண்ணும், எல்லாவற்றுக்கும் அடியில் காபிப்பொடி நிறத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் லிக்னைட். அதை எட்டச் சில இடங்களில் 50 மீட்டர், சில இடங்களில் 100 மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும்.

மண்ணை அகற்றுவது வாளிச் சக்கர இயந்திரம். கோயில் திருவிழா ராட்டினத்தை எடுத்து ஒரு நீண்ட கையின் நுனியில் மாட்டி, தொட்டிகளுக்குப் பதில் இரும்புப் பல் வைத்த வாளிகளைத் தொங்கவிட்டது போல இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற மண்ணைக் கடித்து பெல்ட்டில் கொட்டும். பெல்ட் அதைக் கிலோமீட்டர் கணக்கில் தூக்கிப்போய் இன்னொரு இயந்திரத்திடம் கொடுக்கும், அது ஏற்கெனவே கரி எடுத்த பள்ளத்தில் வாரி இறைக்கும். ஜெர்மனியில் இந்த வகை இயந்திரங்களுக்கு நல்ல பெயர். அங்கே மண் இளக்கம். இங்கே இருந்தது கடலூர் மணற்பாறை. முதலில் வந்த இயந்திரங்களின் பற்கள் அதைக் கடித்துத் தேய்ந்து மழுங்கின. அப்புறம்தான் முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தி, பிறகு சக்கரத்தை விடும் வழக்கம் வந்தது. "ஜெர்மன்காரன் மிஷினுக்கு நம்ம ஊரு முறுக்கு ஒத்துக்கல" என்பார் மாமா. அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்த விஷயம்தான், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலவே சொல்வார்.

"இது எல்லாம் பெரிசில்ல மாப்ளே" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். பள்ளத்தைச் சுற்றி வரிசையாகக் குழாய்கள். யானைத் துதிக்கை பருமனில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "இத நிறுத்தினா எல்லாம் முடிஞ்சுது."

லிக்னைட் படிவத்துக்கு அடியில் ஒரு பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. மேலே இருக்கும் மண்ணின் பாரத்துக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் தண்ணீர் அது. துளை போட்டால் மோட்டார் இல்லாமல் தானாகவே பீறிட்டு மேலே வரும். அந்தப் பாரத்தை நீங்கள் அகற்றிக்கொண்டே போகிறீர்கள். ஒரு கட்டத்தில் மிச்சமிருக்கும் கரித் தளத்தைக் கீழிருந்து தண்ணீர் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். சுரங்கம் குளமாகிவிடும். இதைத் தடுக்க ஒரே வழிதான்: சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகல் ஓயாமல் இறைத்து, அந்த அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பது. தீபாவளி, பொங்கல், ஸ்டிரைக் எதுவும் அந்தப் பம்புகளுக்குக் கிடையாது. ஒரு டன் லிக்னைட் எடுக்க 5, 6 கன மீட்டர் மண்ணைத் தள்ள வேண்டும். தொடக்க காலத்தில் அதே ஒரு டன்னுக்குப் பத்து டன்னுக்கும் மேல் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது.

எடையை வைத்துப் பார்த்தால் இதைத் தண்ணீர்ச் சுரங்கம் என்றுதான் சொல்ல வேண்டும். லிக்னைட் ஒரு உபரிப் பொருள். 1953 வாக்கில் அந்தச் சோதனைச் சுரங்கம் தோண்டியதே முக்கியமாக இதற்காகத்தான். அங்கே கரி இருப்பது தெரியும். தண்ணீரை அடக்க முடியுமா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அன்று மாமா கையளவு லிக்னைட் ஒன்று எடுத்துக் கொடுத்தார். கல் மாதிரி இல்லை, ஈர மரக்கட்டை மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் மரத்தின் நரம்பு தெரிந்தது. கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய காடு, முழுசாகக் கரியாகாமல் பாதி வழியில் நிற்கிறது. திண்டிவனம் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு மூன்று வாரத்தில் அது வெடித்து, பொரிந்து, தூளாகிப்போனது. அம்மா ஒரு நாள் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமாவிடம் கேட்டபோது சிரித்தார். லிக்னைட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். காற்றுப்பட்டுத் தண்ணீர் போனால் உதிர்ந்துவிடும், குவித்து வைத்தால் தானாகவே புகைந்து தீப்பிடித்துக்கொள்ளும். அதனால் அதை ரயிலில் ஏற்றி ஊர் ஊராக விற்க முடியாது. எடுத்த இடத்திலேயே எரித்துவிட வேண்டும். சுரங்கத்தின் வாசலிலேயே அனல் மின் நிலையம் கட்டியதற்குக் காரணம் என் அலமாரியில் உதிர்ந்துபோன அந்தக் கட்டிதான். 1961 ஆகஸ்டில் லிக்னைட் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962 மே மாதம் முதல் மின் அலகு ஓடத் தொடங்கிவிட்டது. சோவியத் யூனியன் உதவியோடு கட்டிய அந்த முதல் நிலையம் படிப்படியாக 600 மெகாவாட் வரை வளர்ந்தது. மண் தோண்டியது ஜெர்மன் இயந்திரம், மின்சாரம் எடுத்தது ரஷ்ய இயந்திரம். பனிப்போர் காலத்தில் இரண்டு முகாமும் சண்டையில்லாமல் ஒன்றாக வேலை பார்த்த இடங்களில் நம் முந்திரிக்காடும் ஒன்று.

லிக்னைட்டை வெளியூருக்கு அனுப்பும் ஒரு முயற்சியும் நடந்தது. அதைப் பொடித்து, அழுத்தி, சுட்டு, புகையில்லாக் கட்டிகளாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் விற்றார்கள். ஐம்பது வயது தாண்டிய தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். கேஸ் சிலிண்டர் எல்லா வீட்டுக்கும் வராத காலத்தில் எங்கள் வீட்டுக் குமுட்டி அடுப்பிலும் அதுதான். பற்றவைக்க உயிர் போகும், பற்றிக்கொண்டால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கேஸ் வந்தது, லெக்கோ போனது. அதைச் செய்த ஆலையையும் மூடிவிட்டார்கள். லிக்னைட்டை வைத்து ஓடிய யூரியா உர ஆலையும் இப்போது இல்லை.

மாமா குடியிருந்த டவுன்ஷிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் அத்தை கோபித்துக்கொள்வாள். தெருப் பெயர் கிடையாது, பிளாக் நம்பர்தான். "எந்த பிளாக்?" என்பதுதான் அங்கே "எந்த ஊர்?" என்ற கேள்வி. நேர்கோட்டில் அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரம், ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் தோட்டம். அத்தை முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருந்தாள், பக்கத்து வீட்டில் பலா. மாமா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் பகல்களில் எங்களை வெளியே துரத்திவிடுவாள். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் காவடிக் கூட்டம் நெரியும். நடராஜர் கோயிலில் சாமிக்கே மனு எழுதிப் போடலாம். அத்தை என் பெயரில்கூட ஒன்று போட்டாள், கணக்கில் தேற வேண்டும் என்று. நடராஜர் அதை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார். 1998 முதல் புத்தகக் கண்காட்சி வேறு. ஒரு சுரங்க ஊரில் வருடா வருடம் புத்தகம் வாங்கக் கூட்டம் கூடுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

2011 கணக்கெடுப்பில் டவுன்ஷிப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். அதைச் சின்ன ஊர் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே தோன்றுகிறது, ஏனென்றால் அங்கே யாருக்கும் வேர் கிடையாது. குவார்ட்டர்ஸ் வேலையோடு வருவது. ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அங்கேயே பிறந்து, வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குக்கூட அந்த ஊரில் ஒரு செங்கல் சொந்தமில்லை. வடலூரிலும் மந்தாரக்குப்பத்திலும் கடலூரிலும் வீடு கட்டிக்கொண்டு, "நாங்க நெய்வேலி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஒரு விதமான ஊரில்லாமை. இன்னொரு விதம் இருக்கிறது, அதைச் சிறுவயதில் நான் பார்க்கவில்லை. சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் நிலம் வேண்டுமே. முந்திரியும் கம்பும் வேர்க்கடலையும் விளைந்த கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின. வெளியேறியவர்களில் பலருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை, ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே காலம் ஓடியது. நெய்வேலியில் நடந்த பெரிய வேலைநிறுத்தங்கள் பலவும் அந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுடையவை. 2020 மே மாதமும் ஜூலையிலும் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செத்தவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம்.

வெளியுலகத்துக்கு நெய்வேலி ஞாபகம் வருவது வேறு காரணங்களுக்காக. 2002இல் காவிரித் தண்ணீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் எதற்கு என்று திரையுலகமே இங்கே திரண்டு வந்தது. 2006இல் மத்திய அரசு பங்குகளை விற்கப் பார்த்தபோது தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், டெல்லி பின்வாங்கியது. 2013இல் மறுபடி அந்தப் பேச்சு வந்தபோது தமிழக அரசு நிறுவனங்களே பங்குகளை வாங்கிக்கொண்டன. 2020 பிப்ரவரியில் நடிகர் விஜய் வேன் மேல் ஏறி எடுத்த செல்ஃபியும் இந்த ஊர்க் கூட்டத்தோடுதான். மாமாவுக்கு அந்த செல்ஃபியில் பெருமை அதிகம், தான் அதில் இல்லை என்றாலும்.

நான் மறுபடி தண்ணீருக்கே வருகிறேன். இறைத்த தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் டவுன்ஷிப்புக்கும். மிச்சம் ஓடைகளில் இறங்கி, பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய் வயல்களுக்குப் பாய்கிறது. மானாவாரியாக இருந்த சில கிராமங்கள் சுரங்கத் தண்ணீரில் நெல் விளைவித்தன. அதே நேரம், கிணற்றில் நீர்மட்டம் கீழே கீழே போய்விட்டது என்று சுற்றுவட்டாரக் கிராமங்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒருவருக்கு வாய்க்காலில் வந்த தண்ணீர் இன்னொருவர் கிணற்றில் இல்லாமல் போன தண்ணீர். இந்தக் கணக்கை நேர்மையாக யாராவது போட்டுக் காட்டினால் நெய்வேலியைப் பற்றிய பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பச்சை நெற்பயிரின் மேல் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருடத்துக்கு முன்பே கையகப்படுத்தியது, பணம் கொடுத்தாயிற்று என்பது ஒரு தரப்பு. கொடுத்தது போதாது, நட்ட பயிரை அறுக்கக்கூட விடவில்லை என்பது இன்னொரு தரப்பு. சென்னை உயர் நீதிமன்றமே வேதனை தெரிவித்தது. எதற்காக அந்த இயந்திரங்கள் வந்தன என்பதைப் பலர் கவனிக்கவில்லை. கரி தோண்ட அல்ல. சுரங்கம் முன்னேறி வருவதால் பரவனாற்றை நகர்த்தி வைக்கக் கால்வாய் வெட்ட வந்தன. மறுபடியும் தண்ணீர். அங்கே பக்கத்திலேயே கரிவெட்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெயர் எப்படி வந்ததோ, கரி என்றால் யானையும்தான். ஆனால் நிலம் எடுக்கும் பட்டியலில் அந்தப் பெயரைப் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது.

மாமா ரிடையர் ஆகி வடலூரில் வீடு கட்டினார். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிற ஊர். "அங்க அனல், இங்கயும் அனல்" என்று அத்தை அலுத்துக்கொண்டாள். அவர் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த காலத்தில் இருந்த முதல் அனல் மின் நிலையத்தை 2020இல் நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்தை எடுத்துக்கொள்ள 1,000 மெகாவாட்டில் புது நிலையம் வந்துவிட்டது. செய்தியைப் போனில் சொன்னபோது "வயசாயிடுச்சில்ல அதுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

புது வீட்டுக்கு போர் போட்ட அன்று நான் அங்கே இருந்தேன். லாரி வந்து நின்று, காது கிழியும் சத்தத்தில் துளை இறங்கத் தொடங்கியது. மேலே வருகிற சேற்றை மாமா ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து, விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். செம்மண். மஞ்சள் மணல். வெள்ளைக் களி. நான் பதினொரு வயதில் விளிம்பில் நின்று பார்த்த அதே வரிசை, இப்போது ஒரு குழாய்க்குள்ளிருந்து துப்பலாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் தட்டியது. சுமாரான தண்ணீர். சாம்பல் நிறத்தில் களிமண் வரத் தொடங்கியதும் மாமா கையைத் தூக்கினார்.

"போதும்பா, நிறுத்திக்க."

"இன்னும் கொஞ்சம் போனா தண்ணி அள்ளிக்கிட்டு வரும் சார். கீழ நல்ல ஊத்து இருக்கு" என்றார் போர்க்காரர்.

"தெரியும்" என்றார் மாமா, விரலில் ஒட்டியிருந்த களியை வேட்டியில் துடைத்துக்கொண்டே. "அதுக்கு மேல என்ன இருக்குன்னும் தெரியும். இது போதும் எங்க ரெண்டு பேருக்கு."